புரோப்ரனலால் பிளேட்லெட் கால்சியத்தைக் குறைக்கிறது, அட்டெனலால் அசைக்கவே இல்லை. காரணம் மருந்தின் அமைப்பிலா?

தருமபுரி மாணவி
செவ்வாய், இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பார்மகாலஜி. இங்கே தமிழ் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் உட்கார்ந்து யோசிக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் புராஜெக்ட் இதுதான்: இரத்தத்தை உறையவைக்கும் சின்னஞ்சிறு செல்லான பிளேட்லெட்டுக்கு, அதைத் தூண்டும் த்ராம்பின் கொடுத்தால் உள்ளே கால்சியம் சடாரென்று ஏறுமே, அந்த ஏற்றத்தை பீட்டா பிளாக்கர் (பீட்டா ஏற்பியை அடைக்கும்) மருந்துகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது. பிளேட்லெட்டைப் பிரித்துக் கழுவி, கால்சியத்தைப் பிடித்தால் ஒளிர்வு மாறும் ஃபியூரா-2 சாயத்தை ஏற்றி, 340, 380 நானோமீட்டரில் மாற்றி மாற்றி ஒளி கொடுத்து 510-இல் படிக்கிறேன். மருந்தை ஐந்து நிமிடம் முன்னால் சேர்க்கிறேன், அப்புறம் த்ராம்பின்.

மூன்று வெவ்வேறு ஆட்களின் இரத்தத்தில் செய்து பார்த்துவிட்டேன். புரோப்ரனலால் 10 மைக்ரோமோலாரில் ஒன்றும் இல்லை, 100-இல் கால்சியம் உச்சம் நன்றாகவே இறங்குகிறது. மெட்டோப்ரோலால் 500-இல் லேசாக இறங்குகிறது. அட்டெனலால் 500 வரை போனாலும் கட்டுப்பாட்டுக் குழாய்க்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இதில் என்னைத் தூங்கவிடாதது, மூன்றின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் வால் பகுதி அச்சு அசல் ஒன்றுதான்: ஆக்சிஜன், ஒரு சிஎச்2, ஹைட்ராக்சில் தாங்கிய கார்பன், இன்னொரு சிஎச்2, என்எச், கடைசியில் ஐசோபுரோபைல். மூன்றுமே பீட்டா-1 ஏற்பியை அடைப்பவை. அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் வேலை செய்கிறது?

இன்னொன்று. ஆய்வகத்தில் டி-புரோப்ரனலால் ஒரு குப்பி இருந்தது, பீட்டா ஏற்பியில் கிட்டத்தட்ட உட்காராத கண்ணாடி பிம்ப வடிவம். அதையும் போட்டுப் பார்த்தேன். சாதாரண புரோப்ரனலால் அளவுக்கே கால்சியத்தைக் குறைத்தது.

கைடிடம் காட்டினேன், "சவ்வை நிலைப்படுத்தும் விளைவு என்று எழுதிவிடு, போதும்" என்கிறார். எனக்கு அது போதவில்லை. சவ்வை நிலைப்படுத்துவது என்றால் என்ன, அதற்கும் கால்சியத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று வைவாவில் ஒருவர் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் இன்னொரு சிக்கலும் வந்தது. ஜயநகரிலிருந்து ஆட்டோவில் வந்த சாம்பிள், காலை ஏழரை மணி, டிசம்பர் குளிர். அன்றைக்கு மருந்து எதுவும் போடாத குழாயிலேயே அடிநிலைக் கால்சியம் வழக்கத்தைவிட மேலே நின்றது. அந்த நாளின் எண்களைத் தூக்கிப் போடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்றும் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகத்தான்
புதன், காலை 6.05

தங்கச்சி, முதலில் அந்த டி-புரோப்ரனலால் குப்பியை எடுத்துப் போட்டாயே, அதற்கு என் பாராட்டு. உன் கேள்விக்கான பாதி பதில் அந்தக் குப்பிக்குள்தான் இருக்கிறது. ஏற்பி என்பது வலது கைக்கு மட்டும் பொருந்தும் கையுறை மாதிரி, இடது கையை விட்டால் உட்காராது. இரண்டு கையும் ஒரே அளவு வேலை செய்தால் அங்கே கையுறை இல்லை என்று அர்த்தம். ஆக, நீ பார்த்த விளைவு பீட்டா ஏற்பி வழியாக வரவில்லை.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார். பிளேட்லெட்டில் பீட்டா-2 ஏற்பி கொஞ்சம் உண்டு, அது தூண்டப்பட்டால் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்சமிக்ஞை மூலக்கூறு கூடும். சைக்ளிக் ஏஎம்பி கூடினால் பிளேட்லெட் அடங்கும், கால்சியமும் அடங்கும். அப்படியானால் பீட்டாவை அடைக்கும் மருந்து கால்சியத்தைக் கூட்டினால் அது நியாயம், குறைப்பதற்கு அந்த வழியில் காரணமே இல்லை. நீ பார்த்ததோ குறைவு. மருந்தின் பெயர்ப்பலகையில் "பீட்டா பிளாக்கர்" என்று எழுதியிருப்பதை பிளேட்லெட் படித்துப் பார்ப்பதில்லை. அதன் முன்னால் ஒரு மூலக்கூறு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்த மூலக்கூறுக்கு என்ன தலை, என்ன வால், எந்த இடத்தில் மின்னூட்டம் என்பதைத்தான் நீ பேச வேண்டும்.

இனி வழியைப் பார்ப்போம். ஓய்வில் இருக்கும் பிளேட்லெட்டின் உள்ளே கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார், வெளியே பிளாஸ்மாவில் ஒரு மில்லிமோலாருக்குச் சற்று மேலே. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அணை நிறையத் தண்ணீர், மதகு மூடியிருக்கிறது. த்ராம்பின் வந்து பார்-1, பார்-4 ஏற்பிகளை வெட்டித் திறந்தால் ஜிக்யூ புரதம் வழியாக ஃபாஸ்ஃபோலைப்பேஸ் சி என்ற நொதி விழித்துக்கொள்ளும். அது சவ்வின் உள் அடுக்கில் இருக்கும் பிப்-2 என்ற கொழுப்பை வெட்டும். வெட்டியதில் ஒரு துண்டு ஐபி-3, அது அடர்குழாய் அமைப்புக்குப் போய் அங்கே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை அவிழ்த்துவிடும். சேமிப்பு வற்றியதை ஸ்டிம்-1 என்ற புரதம் உணர்ந்து, மேல் சவ்வில் ஓராய்-1 வாய்க்காலைத் திறக்கும், வெளிக் கால்சியம் உள்ளே பாயும். நீ திரையில் பார்க்கும் உச்சம் இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று.

இதில் பிப்-2 எங்கே இருக்கிறது என்பதைக் கவனி. உள் அடுக்கில். எதிர் மின்னூட்டம் கொண்ட ஃபாஸ்ஃபடிடைல்செரீனும் அங்கேதான். புரோப்ரனலாலின் தலை நாஃப்தலீன், இரட்டை வளையம், கொழுப்பை விரும்புவது. வாலில் நேர் மின்னூட்டம் ஏறும் அமீன். இப்படி ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு எங்கே போய் உட்காரும்? வளையம் சவ்வின் கொழுப்புக்குள் செருகிக்கொள்ளும், அமீன் எதிர் மின்னூட்டத் தலைகளைப் பார்த்து நிற்கும். 1974-இல் ஷீட்ஸ், சிங்கர் இருவரும் சிவப்பணுவை வைத்து இதைத்தான் சொன்னார்கள், இப்படிப்பட்ட நேர் மின்னூட்ட மருந்துகள் உள் அடுக்கில் சேர்ந்து, அந்த அடுக்கு விரிந்து, செல் கிண்ணம் மாதிரி குழிந்துபோகும் என்று. குளோர்புரோமசின் அதற்கு நல்ல உதாரணம்.

ஆக, வளையம் போய் உட்காரும் இடமும் பிப்-2 வெட்டப்படும் இடமும் ஒன்றுதான். "சவ்வை நிலைப்படுத்துதல்" என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கக்கூடிய பொருள் இது. அட்டெனலாலில் நாஃப்தலீன் இல்லை, ஒற்றை பென்சீன் வளையம், அதன் முனையில் தண்ணீரை விரும்பும் அமைடு. அமீன் இருக்கிறது, மின்னூட்டமும் இருக்கிறது, ஆனால் செருகிக்கொள்ள ஆணி இல்லை.

ஆட்டோ சாம்பிள் பற்றி: தூக்கிப் போடு, யோசிக்கவே வேண்டாம். அந்தச் சாலைகளில் குலுங்கி வந்த குழாய், அதோடு பெங்களூர் டிசம்பர் காலை. 20 டிகிரிக்குக் கீழே போனால் பிளேட்லெட் தட்டு வடிவத்தை விட்டு முள்ளு முள்ளாக உருண்டுவிடும், உள்ளே கால்சியமும் ஏறும். இரத்த வங்கியில் பிளேட்லெட் பையை ஃபிரிட்ஜில் வைக்காமல் 20 முதல் 24 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே வைப்பது இதனால்தான். இரத்தம் கொடுப்பவரை உன் இடத்துக்கே வரச் சொல். முதல் இரண்டு மூன்று மில்லியை விட்டுவிட்டு எடு, ஊசி 21 கேஜுக்கு மெல்லியதாக வேண்டாம், சென்ட்ரிஃபியூஜில் பிரேக் போடாதே. பத்து நாளுக்குள் ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ போட்டாரா என்று கேள். தலைவலிக்குப் போட்டதை மாத்திரை என்றே நினைக்காதவர்கள் உண்டு, அதனால் இரண்டு முறை கேள்.

மாட்டுங்கா வேதியியல்
புதன், காலை 9.40

மும்பையில் மருந்து வடிவமைப்புப் பக்கம் வேலை செய்கிறேன், பிளேட்லெட் என் துறை இல்லை, அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அண்ணன் சொன்ன ஆணியை எண்ணில் பார்க்கலாம். ஆக்டனால்-தண்ணீர் பங்கீடு, அதாவது லாக் பி, புரோப்ரனலாலுக்கு ஏறத்தாழ 3.5, மெட்டோப்ரோலாலுக்கு 1.9, அட்டெனலாலுக்கு 0.2 பக்கம். இது மடக்கை அளவு என்பதை மறக்கக் கூடாது, 3.5-க்கும் 0.2-க்கும் நடுவில் இருப்பது ஆயிரம் மடங்குக்கும் மேல். உங்கள் மூன்று மருந்துகளும் கால்சியத்தைக் குறைத்த வரிசை இதே வரிசை. மெட்டோப்ரோலால் நடுவில் நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த ஒரு புள்ளிதான் உங்கள் புராஜெக்டுக்கே முதுகெலும்பு. அதைக் கூடுதல் செறிவுகளில் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது மின்னூட்டம். பிகேஏ, அதாவது அமீனில் பாதி மின்னூட்டத்தோடு நிற்கும் பிஎச், புரோப்ரனலாலுக்கு சுமார் 9.5, அட்டெனலாலுக்கு 9.6. பிஎச் 7.4-இல் இரண்டுமே 99 சதவீதத்துக்கு மேல் மின்னூட்டத்தோடுதான் இருக்கும். எனவே "அமீனில் வித்தியாசம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், அமீன் இரண்டிலும் ஒன்றே. ஆனால் அந்த மீதி ஒரு சதவீதத்துக்கும் குறைவான மின்னூட்டமில்லாத வடிவம் முக்கியம், அதுதான் சவ்வைக் கடக்கும். கடந்து உள்ளே போனதும் திரும்பப் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், பிடித்தது உள் அடுக்கில் மாட்டிக்கொள்ளும். அட்டெனலாலின் மின்னூட்டமில்லாத வடிவத்துக்குக்கூட அந்த அமைடு தண்ணீரை விட்டு வர மனசு வராது.

அமைப்பில் ஒரே ஒரு அணு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டபிள்யூ-7, டபிள்யூ-5 ஜோடி. ஜப்பானில் ஹிடாக்காவின் குழு கொண்டுவந்தவை. இரண்டும் நாஃப்தலீன் சல்ஃபோனமைடு, ஆறு கார்பன் சங்கிலியின் முனையில் அமீன். டபிள்யூ-7-இல் வளையத்தில் ஒரு குளோரின் இருக்கிறது, டபிள்யூ-5-இல் இல்லை. கால்சியம் ஏறியதும் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற நொதிகளை எழுப்பும் கால்மோடுலினை டபிள்யூ-7 நன்றாகத் தடுக்கும், டபிள்யூ-5 மிகவும் பலவீனம். ஒரு குளோரின்! அதனால்தான் ஆய்வகங்களில் டபிள்யூ-5-ஐக் கட்டுப்பாட்டு மருந்தாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் அட்டெனலாலும் அதே மாதிரி ஒரு கட்டுப்பாட்டு மருந்துதான் என்று எழுதுங்கள், "வேலை செய்யாத மருந்து" என்று ஓரத்தில் ஒதுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நாஃப்தலீன் தானே ஒளிரும் வளையம். அடுத்து கார்வெடிலால் எடுத்தால் அதில் கார்பசோல் இருக்கிறது, அதுவும் ஒளிரும். ஃபியூரா-2 ஏற்றாத பிளேட்லெட்டில் மருந்தை மட்டும் போட்டு 340, 380 இரண்டிலும் படித்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கால்சியம் வாய்க்கால்
புதன், மதியம் 2.15

நானும் பெங்களூர்தான், போஸ்ட்டாக். மேலே இருவரும் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் நான் உடன்படவில்லை. "சவ்வுக்குள் உட்காருகிறது, அதனால் கால்சியம் குறைகிறது" என்பதில் "அதனால்" என்ற சொல்லுக்கு இன்னும் சான்று இல்லை தங்கச்சி. லாக் பி-யோடு வரிசை ஒத்துப்போவது ஒரு துப்பு, வழக்கு இன்னும் முடியவில்லை. கொழுப்பில் கரையும் நேர் மின்னூட்ட மருந்து ஒரே நேரத்தில் நாலு இடத்தைத் தொடும். ஃபாஸ்ஃபோலைப்பேஸ் சி-யைத் தொடலாம், ஃபாஸ்ஃபோலைப்பேஸ் ஏ-2-வைத் தொட்டு அராக்கிடோனிக் அமிலத்தைக் குறைத்து அதன் வழியாக, பிளேட்லெட்டை மேலும் தூண்டும் த்ராம்பாக்சேனைக் குறைக்கலாம், வாய்க்காலை நேராக அடைக்கலாம், கால்மோடுலினைப் பிடிக்கலாம். எந்தப் படி என்று பிரித்துக் காட்டினால்தான் அமைப்புக்கும் கால்சியத்துக்கும் உறவு சொன்னதாக ஆகும்.

பிரிப்பது நீ நினைக்கும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. பிளேட்லெட்டைக் கால்சியம் இல்லாத பஃபரில், மிச்சக் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ போட்டு வைத்துக்கொள். த்ராம்பின் கொடு. இப்போது வரும் சின்ன உச்சம் முழுவதும் உள்சேமிப்பிலிருந்து வந்தது, வெளியிலிருந்து வர அங்கே ஒன்றுமே இல்லையே. அது இறங்கியதும் கால்சியம் குளோரைடு சேர், ஈஜிடிஏ போக ஒரு மில்லிமோலார் மிஞ்சும்படி. இப்போது வரும் இரண்டாம் ஏற்றம் வெளியிலிருந்து பாய்வது. புரோப்ரனலால் முதல் உச்சத்தைக் குறைக்கிறதா, இரண்டாவதையா, இரண்டையுமா? இதைத் தெரிந்துகொண்டாலே கைடிடம் பேச உனக்கு வேறு பலம் வந்துவிடும்.

அப்புறம் தாப்சிகார்ஜின். அது சேமிப்புக்குள் கால்சியத்தை இறைக்கும் செர்கா பம்பை அடைக்கிறது, பம்பு நின்றால் சேமிப்பு தானே கசிந்து வற்றிவிடும், ஏற்பியும் வேண்டாம், ஃபாஸ்ஃபோலைப்பேஸும் வேண்டாம், ஐபி-3-உம் வேண்டாம். வற்றியதால் ஓராய்-1 திறக்கும். த்ராம்பின் கொடுத்தபோது புரோப்ரனலால் குறைக்கிறது, தாப்சிகார்ஜின் கொடுத்தபோது குறைக்கவில்லை என்றால் தடை மேலே இருக்கிறது, ஏற்பிக்கும் ஐபி-3-க்கும் நடுவில். தாப்சிகார்ஜினுக்குப் பிறகு கால்சியம் சேர்க்கும்போதும் குறைத்தால் வாய்க்காலையே தொடுகிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் மாங்கனீசு போட்டு 360-இல் படி. அந்த அலைநீளத்தில் ஃபியூரா-2-க்குக் கால்சியம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான், மாங்கனீசு உள்ளே வந்தால் மட்டும் ஒளி அணையும், அணையும் வேகம்தான் வாய்க்காலின் வேகம்.

இன்னொரு குழாயில் பிளேட்லெட்டை முன்னாலேயே ஆஸ்பிரினில் ஊறவைத்து அப்புறம் புரோப்ரனலால் போடு. ஆஸ்பிரின் த்ராம்பாக்சேன் வழியை மூடிவிடும், அதற்குப் பிறகும் புரோப்ரனலால் குறைத்தால் அந்த வழி காரணமில்லை. இங்கே ஆஸ்பிரினைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அமைப்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. சாலிசிலிக் அமிலத்தில் ஒரு அசிட்டைல் குழுவை ஒட்டினால் ஆஸ்பிரின். அந்த அசிட்டைலைக் கழற்றி காக்ஸ்-1 நொதியின் 529-ஆம் இடத்து செரீனில் ஒட்டிவிடுகிறது, அதோடு அந்த நொதியின் கதை முடிந்தது. பிளேட்லெட்டில் உட்கரு கிடையாது, புதிதாகச் செய்துகொள்ளவும் முடியாது, அதன் ஆயுள் முழுக்க, ஏழு முதல் பத்து நாள், த்ராம்பாக்சேன் வராது. அசிட்டைல் இல்லாத சாலிசிலிக் அமிலம் இதைச் செய்யாது. அங்கே அமைப்பு சாவி மாதிரி, உன் புரோப்ரனலாலில் அமைப்பு எண்ணெய் மாதிரி. இரண்டையும் ஒரே சொல்லில் பேசக் கூடாது.

கடைசியாக, 100 மைக்ரோமோலாரில் மருந்து மட்டும் போட்ட குழாயில் அடிநிலைக் கால்சியம் மெல்ல ஏறுகிறதா பார். இந்த வகை மூலக்கூறு அளவு மீறினால் சவ்வையே ஓட்டையாக்கும், சோப்பு மாதிரி. செல்லுக்குள் இருக்க வேண்டிய எல்டிஹெச் நொதி வெளியே கசிந்திருக்கிறதா என்று ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். செத்த பிளேட்லெட் த்ராம்பினுக்குப் பதில் சொல்லாது, அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது.

அல்சூர் அப்பாவின் மகன்
புதன், இரவு 8.30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின், மெட்டோப்ரோலால், அம்லோடிபின் எல்லாம் சாப்பிடுகிறார். மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரையும் உண்டு. இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. கால்சியம் ஏறினால்தான் பிளேட்லெட் கட்டி ஆகிறது என்றால், கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளுமா? அம்லோடிபின் கால்சியத்தை அடைக்கும் மருந்துதானே, அது பிளேட்லெட்டையும் அடக்குமா?

இதயப்பிரிவு மருத்துவர்
புதன், இரவு 10.50

ஐயா, முதலில் அப்பாவின் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளோபிடோக்ரலை ஒரு வேளைகூட விடக் கூடாது. மற்ற சந்தேகங்களை அடுத்த முறை போகும்போது அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

மேலே இவர்கள் பேசுவது பிளேட்லெட்டின் உள்ளே இருக்கும் கால்சியம். மாத்திரையில் வருவது வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போகும் கால்சியம். இரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற சின்ன வரம்புக்குள் நிற்கும்படி பாராதைராய்டு, வைட்டமின் டி, சிறுநீரகம் மூன்றும் காவல் காக்கின்றன. வெளியே ஏற்கெனவே பத்தாயிரம் மடங்கு அதிகம் இருக்கிறது, மதகு திறக்கிறதா இல்லையா என்பதுதான் பிளேட்லெட்டின் கணக்கு. மாத்திரையால் அந்த மதகு திறக்காது.

அம்லோடிபின் அடைப்பது இரத்தக்குழாய் தசையில் இருக்கும் எல் வகை வாய்க்காலை, மின்னழுத்தம் மாறினால் திறப்பது அது. பிளேட்லெட்டில் அப்படி வேலை செய்யும் வாய்க்கால் இல்லை, அங்கே இருப்பது ஓராய்-1 மாதிரி வேறு இனம். அதனால் பெயரில் கால்சியம் இருப்பதை வைத்து பிளேட்லெட் மருந்து என்று எண்ண வேண்டாம்.

குளோபிடோக்ரல் அமைப்பைப் பற்றி மாணவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விழுங்கிய வடிவத்தில் அது எதையும் செய்யாது. பெரும்பகுதியைக் கல்லீரலில் ஒரு எஸ்டரேஸ் வீணாக்கிவிடும், மிச்சத்தை சிஒய்பி-2சி19 முதலான நொதிகள் இரண்டு படியில் மாற்றி வளையத்தைத் திறந்தால் கந்தகம் வெளியே தலை நீட்டும். அந்தக் கந்தகம்தான், ஏடிபி என்ற தூண்டுபொருளைப் பிடிக்கும் பிளேட்லெட்டின் பி2ஒய்12 ஏற்பியின் சிஸ்டீனோடு நிரந்தரமாகக் கைகோத்துக்கொள்ளும். இங்கே கண்ணாடி பிம்பமும் முக்கியம், எஸ் வடிவம் மட்டும்தான் வேலை செய்யும், புரோப்ரனலால் கதைக்கு நேர் எதிர். ஒமெப்ரசோல் அந்த 2சி19-ஐத் தடுப்பதால்தான் 2009-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்று எச்சரித்தது. அப்பாவுக்கு வயிற்றெரிச்சலுக்கு யாராவது மாத்திரை எழுதினால் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, பி2ஒய்12 கால்சியத்தை நேராக ஏற்றுவதில்லை, சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்து வழிவிடுவதுதான் அதன் வேலை. ஏடிபி கொடுத்ததும் கால்சியத்தை ஏற்றுவது பக்கத்தில் இருக்கும் பி2ஒய்1. ஆகவே குளோபிடோக்ரல் சாப்பிடுபவரின் பிளேட்லெட்டிலும் ஏடிபிக்கு முதல் கால்சியம் எழுச்சி பெரும்பாலும் வரும், கட்டி மட்டும் நிலைக்காது.

மாணவிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் 100 மைக்ரோமோலார் சோதனைக் குழாய்க்கு உரிய எண். நோயாளியின் இரத்தத்தில் புரோப்ரனலால் ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழேதான் இருக்கும், அதிலும் சுமார் 90 சதவீதம் புரதத்தில் ஒட்டியிருக்கும். நீங்கள் பிளேட்லெட்டைக் கழுவியபோது அந்தப் புரதத்தையும் கழுவிவிட்டீர்கள். எனவே முடிவுரையில் "புரோப்ரனலால் மாரடைப்பைத் தடுக்க இதுவே காரணம்" என்ற மாதிரி எதையும் எழுத வேண்டாம். வழக்கமான அளவில் அந்த மருந்தின் பயன் இதயத்தில், பீட்டா ஏற்பியில். உங்கள் சோதனையின் பெருமை வேறு, ஒரு மூலக்கூறின் எந்தப் பகுதி எதைத் தொடுகிறது என்பதைக் காட்டுவது.

தருமபுரி மாணவி
சனி, மாலை 5.10

எல்லோருக்கும் நன்றி. புதன் இரவே எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், இரண்டு நாள் ஆய்வகத்தில்தான் இருந்தேன்.

மாட்டுங்கா சார் சொன்னதை முதலில் செய்தேன். ஃபியூரா-2 ஏற்றாத பிளேட்லெட்டில் புரோப்ரனலால் 100 போட்டால் 340-இல் மிகச் சிறிய ஏற்றம், 380-இல் ஒன்றும் இல்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் உச்சம் குறைந்தது குறைந்ததாகவே நிற்கிறது. பெரிய நிம்மதி. ஆட்டோ நாளின் எண்களை அடித்துவிட்டேன், ஏன் அடித்தேன் என்று பக்கத்திலேயே காரணமும் எழுதினேன். இப்போது இரத்தம் கொடுப்பவர்கள் எங்கள் தளத்துக்கே வருகிறார்கள், குழாய்களை ஏந்தி நிற்கும் தட்டையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறேன், நேற்று அடிநிலை பழையபடி இறங்கிவிட்டது.

கால்சியம் வாய்க்கால் அக்கா சொன்ன ஈஜிடிஏ சோதனையை நேற்று ஒரே ஒரு முறை செய்தேன். ஒரு ஆளின் இரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன், இன்னும் நாலு பேரிடம் செய்துவிட்டு வருகிறேன். எல்டிஹெச் கிட் பக்கத்து ஆய்வகத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாப்சிகார்ஜின் வாங்க கைடு கையெழுத்துப் போட்டுவிட்டார், வர மூன்று வாரம் ஆகுமாம்.

கைடிடம் டி-புரோப்ரனலால் விஷயத்தை, கையுறை உதாரணத்தோடு, திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லாக் பி வரிசையில் அட்டெனலாலுக்கும் புரோப்ரனலாலுக்கும் நடுவில் மெட்டோப்ரோலால் மட்டும் போதாது, இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள் என்றார். ஆக்ஸ்ப்ரெனலால், ஆல்ப்ரெனலால் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டிலும் அதே ஐசோபுரோபைல் வால்தான், தலை மட்டும் வேறு. இவை இரண்டையும் பிளேட்லெட்டில் கையாண்டவர் யாராவது இருந்தால், எந்தச் செறிவிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

அல்சூர் அண்ணா, அப்பா நலமாக இருக்கட்டும்.

பழைய ஆய்வகத்தான்
சனி, இரவு 9.00

ஆல்ப்ரெனலாலை 10-இல் தொடங்கி மும்மடங்கு மும்மடங்காக ஏற்று, 10, 30, 100, 300. ஆக்ஸ்ப்ரெனலாலுக்கும் அதே படிகளை வை, அப்போதுதான் கோடுகளை ஒரே தாளில் போட்டு ஒப்பிட முடியும். ஒவ்வொரு நாளும் ஒரு குழாய் புரோப்ரனலால் 100 கட்டாயம் இருக்கட்டும். பிளேட்லெட் ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாள் மாறும், அந்த ஒரு குழாய்தான் உனக்கு அளவுகோல். தாப்சிகார்ஜின் வந்ததும் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்துச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வை, திரும்பத் திரும்ப உருக்காதே. தோலில் பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்.